பரங்கிமலையில் லாம்ப்டன்

பரங்கிமலை ஏறுகிறவர்கள் புனித தோமையார் தேவாலயத்துக்காகப் போகிறார்கள். ஜெபித்துவிட்டு, கீழே மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுத் திரும்புகிறார்கள். அதே உச்சியில் ஒரு வெள்ளைக்காரரின் மார்பளவுச் சிலை இருக்கிறது. பெயர், வில்லியம் லாம்ப்டன்.

வெள்ளையர் காலத்துச் சிலைகளோடு சென்னைக்குப் பழைய கணக்கு உண்டு. 1857 எழுச்சியைக் கொடூரமாக அடக்கிய நீல் துரையின் சிலையை மவுண்ட் ரோட்டிலிருந்து அகற்றக் கோரி 1927-ல் தொண்டர்கள் சிறை சென்றார்கள். 1937-ல் ராஜாஜி அமைச்சரவை அதை எடுத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. லாம்ப்டன் கதை நேர்மாறு. இந்தச் சிலையை வைத்தது சுதந்திர இந்தியாவின் நில அளவைத் துறை, லாம்ப்டன் தொடங்கிய பெரும் நில அளவைப் பணியின் இருநூற்றாண்டையொட்டி.

அந்தப் பணி தொடங்கியது இங்கேதான். 1802 ஏப்ரல் 10. பரங்கிமலையடியிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் நேர்கோடு. இன்றைய கீழ்க்கட்டளை, மேடவாக்கம் பக்கமெல்லாம் அப்போது சமவெளி. நூறு அடி நீளம், நாற்பது கண்ணிகள் கொண்ட எஃகுச் சங்கிலி. அதை மரப்பெட்டிகளுக்குள் நீட்டிக் கிடத்தி, பெட்டிகளை மட்டம் பார்த்து, உள்ளே வெப்பமானி வைத்துப் படித்தார்கள். வெயிலில் எஃகு மயிரிழை நீண்டாலும் கணக்கு கெடும். இப்படி ஏறத்தாழ நானூறு முறை, சித்திரை வெயிலில்! இந்த ஒரு கோட்டின் நீளம் தெரிந்தால் போதும். இரு முனையிலிருந்தும் கோணம் பார்த்து அடுத்த முக்கோணம், அதிலிருந்து அடுத்தது என்று இமயமலை வரை போகலாம். போனார்கள். எவரெஸ்ட்டின் உயரம் தெரிந்தது இந்தக் கணக்கின் நீட்சியில்தான்.

லாம்ப்டனின் பிடிவாதம் என்னை மலைக்க வைக்கிறது. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் மேல் கோணம் அளக்கும் அரை டன் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. ஆறு வாரம் உட்கார்ந்து தன் கையாலேயே அதைச் சரிசெய்தார். பூமியின் வடிவம் என்ன என்பதே அவர் தேடிய விடை. 1823-ல் மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் இறந்தபோதும் வேலையில்தான் இருந்தார்.

ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி காசு கொடுத்தது அறிவியல் ஆசையால் அல்ல. 1799-ல் திப்பு வீழ்ந்து, மைசூர் வழியாக மேற்குக் கரை வரை நிலம் கைக்கு வந்திருந்தது. படை நடத்தவும் வரி வாங்கவும் சரியான வரைபடம் வேண்டும். லாம்ப்டனின் தேடல், கம்பெனியின் தேவை என்ற இரண்டு உண்மைகளையும் சேர்த்தே சிலையைப் பார்க்க வேண்டும். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைப்பது வரலாறாகாது.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. சென்னை நிதிக் குழு உறுப்பினர் ஒருவர் அப்போதே செலவை எதிர்த்துக் கேட்டாராம்: ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமென்றால் பல்லக்குத் தூக்கும் ஆளிடம் சொன்னால் போதுமே, லாம்ப்டனின் வரைபடம் எதற்கு? சிக்கனத்துக்காகக் கேட்ட கேள்விதான். ஆனால் ஒரு பெரிய உண்மை அதில் வெளிவந்துவிட்டது. இந்த மண்ணின் வழிகள் இங்குள்ளவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அவர்கள்தாம் சங்கிலி பிடித்தார்கள், கொடி பிடித்தார்கள், கருவி சுமந்தார்கள், காட்டுக் காய்ச்சலில் செத்தார்கள். சென்னை நில அளவைப் பள்ளியில் படித்து, லாம்ப்டனோடு ஆண்டுக்கணக்கில் உழைத்த ஜோஷுவா டி பென்னிங்கின் பெயரைக்கூட இன்று எத்தனை பேர் அறிவார்கள்?

கோட்டின் மறுமுனையான பெரும்பாக்கத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. பரங்கிமலையில் லாம்ப்டன் இருக்கட்டும். பெரும்பாக்கத்தில் ஒரு கல் நட வேண்டும். உலகின் மாபெரும் அளவை ஒன்றின் முதல் கோடு இங்கே முடிந்தது என்று தமிழில் எழுதி, டி பென்னிங் பெயரோடு, சங்கிலி பிடித்தவர்களையும் கருவி சுமந்தவர்களையும் அதில் குறிப்பிட வேண்டும். அந்தக் குடியிருப்புப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியில் அது இருக்க வேண்டும். நில அளவைத் துறையும் மாநில அரசும் மனம் வைத்தால் ஒரு மாத வேலை.