சட்டைப்பைக்குள் புகுந்த வானொலி

ஒரு கருவியை ஆக்கியோர் அதனை எதன்பொருட்டு ஆக்கினரோ, அதனோடு அதன் பயன் முடிந்துவிடுவதில்லை. மக்கள் கையிற் சேர்ந்தபின் அது தன் வழியே செல்கிறது. அவ்வாறு சென்ற கருவிகளுள் டிரான்சிஸ்டர் வானொலி ஒன்று. வீட்டின் ஒழுங்கையும், ஒருமுறை ஒரு படையின் ஒழுங்கையும் அது அசைத்த வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

முந்திய வானொலிப் பெட்டி கண்ணாடி வால்வுகளால் இயங்கியது. விசையைத் திருப்பியவுடன் அது பேசாது. வால்வினுள் உள்ள இழை சூடேறும்வரை காத்திருத்தல் வேண்டும். மின்சாரமோ கனத்த பற்றரிகளோ இன்றி அது இயங்காது. ஆதலால் அது வீட்டு மண்டபத்தில் ஓரிடத்தில் நிலைகொண்டது. வீட்டார் அதனைச் சூழ்ந்திருந்து கேட்டனர். எந்நிலையத்தைக் கேட்பது, எப்பொழுது நிறுத்துவது என்பவற்றைப் பெரும்பாலும் மூத்தோரே தீர்மானித்தனர். ஒருவர் கேட்பதை அனைவரும் கேட்டனர். ஒருவருக்கு ஒவ்வாததை அனைவரும் இழந்தனர்.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஜோன் பார்டீன், வோல்ற்றர் பிராட்டேன் ஆகிய இருவரும் முதலாவது டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினர். இவர்களும் வில்லியம் ஷொக்லியும் 1956 இல் பௌதிகத்துக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். தொலைபேசிக் குறிகளைப் பெருக்குதற்குச் சூடேறாத, எளிதிற் பழுதாகாத சாதனம் ஒன்றை நாடியே அவ்வாய்வுகூடம் இம்முயற்சியில் இறங்கியது. பாட்டுக் கேட்போரை அது கருதவில்லை.

1954 ஒக்டோபரில் ‘ரீஜென்சி’ என்னும் பெயரால் நான்கு டிரான்சிஸ்டர் கொண்ட கைக்கடக்கமான வானொலி அறிவிக்கப்பட்டது. அதன் விலை 49.95 டொலர். அக்காலத்து அமெரிக்க வானொலிகளின் எண்வட்டத்தில் 640, 1240 என்னும் இரு இடங்களிற் சிறு குறிகள் பொறிக்கப்பட்டிருக்கும். பகைவர் விமானத் தாக்குதல் நேரின் மக்கள் அரசின் அறிவித்தலைக் கேட்க வேண்டிய இடங்கள் அவை. அத்தகைய தாக்குதல் நேரவில்லை. கருவியை மிகுதியாகக் கைக்கொண்டவர்களோ இளைஞர்கள். அவர்கள் அதனைக் கடற்கரைக்கும் படுக்கையறைக்கும் கொண்டு சென்றனர். காதிற் செருகும் சிறு குழலைப் பொருத்தி, பெற்றோர் அறியாவண்ணம் புதிய இசையைக் கேட்டனர். மகன் என்ன கேட்கிறான் என்பது தந்தைக்குத் தெரியாத நிலை வீட்டினுள் தோன்றியது.

பின்னர் சோனி எனப் பெயர் பெற்ற யப்பானிய நிறுவனம், 1957 இல் ‘சட்டைப்பை வானொலி’ என ஒன்றை விளம்பரப்படுத்தியது. உண்மையில் அது வழக்கமான சட்டைப்பையிலும் சற்றுப் பெரிது. எனவே தம் விற்பனையாளருக்குச் சற்றே பெரிய பை வைத்த சட்டைகளைத் தைப்பித்ததாக அதன் நிறுவகருள் ஒருவரான அக்கியோ மொரிட்டா பிற்காலத்திற் கூறினார். கருவி பைக்கு அடங்காதபோது பை கருவிக்கு அடங்கியது! இத்தகைய வானொலிகளுக்கு வேறொரு வினோதக் குணமும் உண்டு. உள்ளிருக்கும் ஏரியற் கோல் திசையறிவது. பெட்டியைச் சற்றுத் திருப்பினால் நிலையத்தின் ஒலி மங்கும், மீண்டும் திருப்பினால் தெளியும்.

இச்சிறு பெட்டியின் வலிமை 1961 ஏப்பிரலில் அல்ஜீரியாவில் வெளிப்பட்டது. அந்நாட்டின் விடுதலைக்கு வழிவிட முனைந்த ஜனாதிபதி டி கோலை எதிர்த்து, நான்கு பிரெஞ்சுத் தளபதிகள் கலகஞ் செய்து அல்ஜியர்ஸ் நகரைக் கைப்பற்றினர். அங்குள்ள வானொலி நிலையமும் அவர்கள் வசமாயிற்று. பழைய காலமாயின், பாசறையிலிருந்த போர்வீரன் தன் மேலதிகாரி சொல்வதையன்றி வேறெதனையும் அறிந்திரான். ஆனால் கட்டாய சேவைக்கு அழைக்கப்பட்டு வந்த இளைஞர் பலரிடம் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. ஏப்பிரல் 23 ஆம் நாள் மாலை, கலகக்காரரின் கட்டளை எதனையும் நிறைவேற்றலாகாது என்று டி கோல் ஆற்றிய உரையை அவர்கள் தம் காதாலேயே கேட்டனர். பலர் கட்டளைக்குப் பணிய மறுத்தனர். சில நாட்களில் கலகம் குலைந்தது. உயர் அதிகாரிகள் பலர் தயங்கி நின்றமையும் அதற்கு ஒரு காரணமே. எனினும் ‘டிரான்சிஸ்டர்களின் வெற்றி’ என்றே அது பேசப்படலாயிற்று.

கட்டளை மேலிருந்து கீழே படிப்படியாக இறங்கும் ஏணி போன்றது படை. குடும்பமும் ஓரளவுக்கு அத்தகையதே. சிறு வானொலி அவ்வேணியின் படிகளைத் தாண்டி, அடியில் நிற்பவனின் காதோடு நேரே பேசியது. கேட்டபின் முடிவு செய்யும் பொறுப்பும் அவனையே சார்ந்தது.

நம் நாட்டிலும் தமிழகத்திலும், மின்சாரம் எட்டாத ஊர்களுக்கு வானொலியைக் கொண்டு சென்றது இக்கருவியே. பாக்கு நீரிணையின் இரு கரையிலும் இலங்கை வானொலியின் தமிழொலியை வயல் வரப்பிலிருந்தும் கேட்க முடிந்தது. இந்த ஆதாயத்துக்கு ஈடாக ஒன்று குறைந்தது. ஒரே பாட்டை ஒரே வேளையில் கேட்டு, மறுநாள் அதுபற்றி வீடு முழுவதும் உரையாடிய வழக்கம் மெல்லத் தேய்ந்தது. இன்று கைத்தொலைபேசியைக் காதோடு பொருத்தி ஒரே அறையில் நால்வர் நான்கு உலகங்களில் இருப்பதைக் காண்கிறோம். அதன் தொடக்கம் அந்தச் சிறு பெட்டியிலேயே உண்டு. தனக்கென ஒரு காதைப் பெற்ற மனிதன், அருகிலிருப்பவனோடு எதைப் பகிர்வது என்பதையும் இனித் தானே தேர்ந்துகொள்ள வேண்டியவனாகிறான்.