பேரு பிரியாணிக்கு... பசியாத்துறது குஸ்கா! சித்தையன்கோட்டை, செம்பட்டி வட்டார ஓட்டல் சாப்பாடு

செம்பட்டி,

திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் தாலுகாவில் செம்பட்டியை அடுத்து இருக்கிறது சித்தையன்கோட்டை பேரூராட்சி. ஒரு பக்கம் மலை அடிவாரமும் காமராஜர் அணையும். மற்ற பக்கம் வயலும் தோப்பும். கடலுக்கும் இந்த ஊருக்கும் ரொம்ப தூரம். நட்சத்திர ஓட்டல் எல்லாம் கிடையாது. ஆனாலும் "இன்னிக்கு வெளியே சாப்டுக்கலாம்" என்ற பேச்சுக்கு இங்கு பஞ்சமே இல்லை.

முக்கிய காரணம் செம்பட்டி நால்ரோடு. திண்டுக்கல்-வத்தலக்குண்டு ரோடும், நிலக்கோட்டை-ஒட்டன்சத்திரம் ரோடும் சந்திக்கிற இடம் அது. கொடைக்கானல் பஸ், தேனி பஸ், குமுளி பஸ், பழனி பஸ் எல்லாம் இந்த வழிதான். பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை வரும், டீக்கடை பக்கத்தில் புரோட்டாக்கடை வரும். அப்படித்தான் இந்த வட்டாரத்தில் ஓட்டல் சாப்பாடு பழகியது.

இங்கு ஓட்டலில் சாப்பிடுவது பெரும்பாலும் ஆடம்பரம் அல்ல. காலையில் வேலைக்கு கிளம்பும் கொத்தனார், காய்கறி ஏற்றிப்போகும் வேன் டிரைவர், ரேஷன் கடை, தாலுகா ஆபீஸ் என்று அலைகிற விவசாயி. இவர்களுக்கு மதிய சாப்பாடு கூலியில் இருந்து பிடித்தம் ஆகிற ஒரு செலவு. அதனால் விலை அஞ்சு ரூபாய் ஏறினால்கூட கல்லா பக்கம் முணுமுணுப்பு கேட்கும்.

தலைப்பாகையில் வந்த பேரு

திண்டுக்கல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு பூட்டுக்கு அடுத்து ஞாபகம் வருவது பிரியாணி. 1957-ல் நாகசாமி நாயுடு என்பவர் திண்டுக்கல்லில் ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டலை தொடங்கினார். அவர் எப்போதும் தலைப்பாகையோடு இருந்ததால், ஜனங்கள் வாயில் அது 'தலப்பாகட்டி' ஆனது. அந்த பேரு பின்னாளில் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் கிளை பரப்பியது. பேரு யாருக்கு சொந்தம் என்ற சண்டை சென்னை ஐகோர்ட்டு வரை போனது. சோத்துக்கடை பேருக்கு கோர்ட்டா என்று சிரிக்க வேண்டாம். அந்த ஒரு சொல்லுக்கு அவ்வளவு வியாபாரம் இருக்கிறது.

ருசிக்கு அடிப்படை சீரகசம்பா அரிசி. சீரகம் மாதிரி சன்னமாக, குட்டையாக இருக்கும். பாசுமதி போல நீண்டு உதிராது, ஆனால் கறிச்சாறை நல்லா உறிஞ்சிக்கொள்ளும். கறியை சின்ன துண்டாக போடுவது, தயிரும் எலுமிச்சையும் சேர்ந்த லேசான புளிப்பு, தூக்கலான மிளகு காரம் இதெல்லாம் திண்டுக்கல் பாணி. வடக்கே ஆம்பூரிலும் சீரகசம்பாதான் போடுகிறார்கள், ஆனால் அங்கே மிளகாய் காரம் முன்னால் நிற்கும், தொட்டுக்க கத்திரிக்காய் வரும்.

இஸ்லாமியர்கள் கணிசமாக வாழும் சித்தையன்கோட்டையில் கடை பிரியாணிக்கு இன்னொரு போட்டி உண்டு. அது பாய் வீட்டு கல்யாண பிரியாணி. விறகு அடுப்பில் தேக்சா ஏற்றி, மூடி மேல் தணலை அள்ளிப்போட்டு தம் கட்டி இறக்குவார்கள். கூட தால்ச்சா, தயிர் வெங்காயம். கல்யாண பந்தியில் சாப்பிட்டு வளர்ந்த நாக்கை கடைக்காரர் திருப்திப்படுத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

குஸ்கா கணக்கு

மட்டன் விலை ஏறிய பிறகு முழு பிரியாணி பலருக்கு மாசத்தில் ஒரு நாள் சமாச்சாரம் ஆகிவிட்டது. அந்த இடத்தை பிடித்தது குஸ்கா. அதே அண்டா, அதே சோறு, அதே மசாலா. கறித்துண்டு மட்டும் வராது. கறியின் சாறு சோற்றில் இறங்கி இருப்பதால் ருசிக்கு குறைவில்லை.

"பாய், ஒரு பிரியாணி, மூணு குஸ்கா கட்டுங்க, சால்னா கொஞ்சம் தூக்கலா ஊத்துங்க." ஞாயிற்றுக்கிழமை மதியம் இந்த வட்டார கடைகளில் கேட்கிற பேச்சு இதுதான். வீட்டுக்கு போனதும் ஒரு பொட்டலத்து கறியை நாலு தட்டுக்கும் பிரித்துப்போடுவார்கள். பிள்ளைகளுக்கு இரண்டு துண்டு கூட, அம்மாவுக்கு பெரும்பாலும் எலும்பு. குடும்ப பட்ஜெட்டை காப்பாற்றும் இந்த ஏற்பாட்டை விளம்பர போர்டில் யாரும் எழுதுவது இல்லை.

விலை ஏன் ஏறுகிறது என்றால் கறி மட்டும் காரணம் அல்ல. ஓட்டல்காரர்கள் வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரை பயன்படுத்தக்கூடாது. 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்கணும். 2021 நவம்பரில் அதன் விலை சென்னையில் 2,133 ரூபாயை தொட்டபோது சின்ன கடைகள் ஆடிப்போயின. கொரோனா ஊரடங்கில் 2020 மார்ச் முதல் பார்சல் மட்டும் என்ற நிலையில் இருந்து மீண்டு வந்த நேரத்தில் விழுந்த அடி அது.

சாயங்காலம் ஆனால் புரோட்டாக்கல் சூடேறும். அஞ்சு மணிக்கு மேல் மாஸ்டர் மாவை வீசும் சத்தமும், கொத்து புரோட்டாவுக்கு கரண்டி தட்டும் தாளமும் ரோட்டுக்கே கேட்கும். ரெண்டு புரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட். வேலை முடிந்து வருகிறவருக்கு இதைவிட சீக்கிரம் வயிறு நிரம்ப வேறு வழி இல்லை. புரோட்டா வரியும் ஒரு காலத்தில் பெரிய பேச்சானது. பாக்கெட்டில் அடைத்து விற்கும் புரோட்டாவுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று 2020-ல் கர்நாடகாவில் வந்த தீர்ப்பை நாடே கிண்டல் செய்தது. 22.9.2025 முதல் அந்த வரி நீக்கப்பட்டது. கடையில் உட்கார்ந்து சாப்பிடும் புரோட்டாவுக்கு இது பொருந்தாது.

கடல் மீனா, அணை மீனா?

தூத்துக்குடி, ராமேசுவரம் பக்கம் இருந்து ஐஸ் பெட்டியில் வரும் கடல் மீனுக்கு இங்கேயும் கிராக்கி உண்டு. ஆனால் கிழக்கு கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடிக்க தடை. 2017-க்கு முன்பு இது 45 நாள்தான். அந்த ரெண்டு மாசமும் கடலே பார்க்காத இந்த ஊர் ஓட்டல் தட்டிலும் மாற்றம் தெரியும். வஞ்சிரம் ஆனை விலை ஆகும், அல்லது வராமலே போகும். நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வந்தாலும் கரையிலேயே விற்றுத் தீரும்.

அப்போது கைகொடுப்பது அணை, கண்மாய் மீன்கள். கட்லா, ரோகு, ஜிலேபி. முள் அதிகம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் அன்றைக்கு பிடித்த ஜிலேபியை மொறுமொறுவென்று பொரித்து வைத்தால், ஐஸில் நாலு நாள் கிடந்த வஞ்சிரம் கிட்ட நிற்காது. எந்த மீனாக இருந்தாலும் செவுள் சிவப்பாக இருக்கணும், கண் குழி விழாமல் இருக்கணும், விரலால் அழுத்தினால் சதை திரும்ப எழும்பணும்.

உஷார்... உஷார்

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயது சிறுமி பலியான சம்பவம் தமிழகத்தையே உலுக்கியது. மாநிலம் முழுக்க ஓட்டல்களில் சோதனை நடந்தது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்கு 8.4.2025 முதல் ஓராண்டு தடை விதித்து தமிழக அரசு உத்தரவிட்டது. கிரில் சிக்கன், ஷவர்மா எல்லாம் இப்போது சின்ன ஊர் ரோட்டோரத்துக்கும் வந்துவிட்டதால் இது பெரிய நகரத்து பிரச்சினை மட்டும் அல்ல. வெந்து முடிந்த கறியை மணிக்கணக்கில் வெளியே வைத்து மறுபடி லேசாக சூடு காட்டி கொடுத்தால், அதை வாங்காமல் இருப்பதே நல்லது. கறி கண்ணைப் பறிக்கும் சிவப்பில் இருந்தால் அது கலர் பவுடராக இருக்கலாம்.

பார்சலுக்கும் ஒரு விஷயம். 1.1.2019 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு தடை. கொதிக்கிற சால்னாவை பாலித்தீன் பையில் ஊற்றி முடிச்சு போடுவது இன்னும் பல இடங்களில் நிற்கவில்லை. வாழை இலைக்கு பஞ்சம் இல்லாத மாவட்டத்தில் இது தேவையா? பழைய வழக்கப்படி வீட்டில் இருந்து தூக்குவாளி கொண்டுபோனால் கடைக்காரர் மறுக்க மாட்டார். ஒரு கரண்டி கூடவும் விழும்.

கடைசியாக பில். 1.7.2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது ஏ.சி. ஓட்டலுக்கு 18 சதவீதம், ஏ.சி. இல்லாத ஓட்டலுக்கு 12 சதவீதம் என்று போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அதே ஆண்டு நவம்பர் 15 முதல் 5 சதவீதமாக குறைந்தது. வருஷத்துக்கு 20 லட்சம் ரூபாய்க்கு கீழ் வியாபாரம் செய்யும் ஓட்டல் ஜி.எஸ்.டி. பதிவே செய்ய வேண்டியது இல்லை. சித்தையன்கோட்டை மாதிரி ஊர்களின் சின்ன சின்ன கடைகள் பலவும் இந்த அளவுக்குள் அடங்கும். ஒன்றரை கோடி வரை உள்ள கடைகள் 'காம்போசிஷன்' என்ற எளிய முறையில் வரி கட்டலாம். ஆனால் அதை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்க முடியாது. பில்லில் ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் வரி என்று ஒரு தொகை சேர்த்திருந்தால், "அண்ணே, இது என்ன?" என்று கல்லாவில் தாராளமாக கேட்கலாம்.