ஜவ்வு விலகிய கதை

பொட்டி தட்டுறவனுக்கு முதுகுவலி வர்றது ஒண்ணும் பெரிய செய்தி இல்லை. ஆனா எனக்கு வந்தது முதுகோட நிக்கலை. போன வருஷம் ஒரு திங்கட்கிழமை காலையில ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சேன். இடுப்புல 'சுருக்'னு ஒரு வெட்டு. நாலே நாள்ல அது புட்டத்துக்கு இறங்கி, பின்தொடை வழியா கெண்டைக்காலைத் தாண்டி, சுண்டுவிரல் வரைக்கும் போயிருச்சு. தும்மினா கரண்ட் ஷாக். உட்கார்ந்தா எரிச்சல்.

அம்மா, "வாயுப் பிடிச்சிருக்குடா, பூண்டு ரசம் வைக்கிறேன்"னாங்க. பக்கத்து வீட்டு மாமா, "நரம்பு பிசகிருச்சு தம்பி, சுளுக்கு எடுக்கிற ஆள் ஒருத்தரைத் தெரியும்"னார். எம்.ஆர்.ஐ. ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "எல்5-எஸ்1 ஜவ்வு விலகியிருக்கு. மூணு வாரம் அசையாமப் படுங்க. சரியாகலேன்னா ஆபரேஷன்தான்"னார்.

ஒரே வலி, மூணு காரணம், மூணு வைத்தியம். படுத்துக் கிடந்த நாட்கள்ல வேற ஆணி இல்லாததால, இந்த வலிக்கு இதுக்கு முன்னாடி யார் யார் என்னென்ன காரணம் சொன்னாங்கன்னு தேடிப் படிச்சேன். படிக்கப் படிக்க ஒண்ணு புரிஞ்சுது. வலி அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணுதான். பழி மட்டும் ஒவ்வொரு காலத்துல ஒவ்வொண்ணு மேல விழுந்திருக்கு. பழி எங்க விழுந்துச்சோ அங்கதான் கத்தியும் விழுந்திருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க.

சியாட்டிகாங்கிற பேரே ஒரு பழைய குழப்பத்தோட மிச்சம். இடுப்பைக் குறிக்கும் 'இஸ்கியோன்' என்ற கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. இடுப்பு மூட்டு வலியும் காலில் இறங்கும் வலியும் பல நூற்றாண்டுகள் ஒரே பேர்ல கிடந்தன. ஆயுர்வேதத்தில் இதுக்கு 'க்ருத்ரஸி'ன்னு பேர். 'க்ருத்ர' என்றால் பிணந்தின்னிக் கழுகு. காலை இழுத்து இழுத்து நடக்கிற நடையை வச்சு வந்த பேருன்னு விளக்கம் சொல்றாங்க. கண்ணாடி முன்னாடி நடந்து பார்த்தேன். பொருத்தம்தான் :-)

இடுப்பு வேற, நரம்பு வேறன்னு தெளிவாப் பிரிச்சவர் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து டொமெனிகோ கொத்துன்யோ. 1764-ல் இதுக்குன்னே தனி நூல் எழுதினார். அப்போ அவருக்கு வயசு 28, என் வயசு. நரம்பைச் சுத்தியிருக்கும் உறைக்குள்ள கெட்ட நீர் சேர்றதுதான் காரணம்னு நினைச்சார். அதனால நரம்பு தோலுக்குப் பக்கத்துல வர்ற இடமாப் பார்த்து, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம், கொப்புளம் எழும்ப வச்சு நீரை வடிய விட்டார். நரம்புன்னு சொன்னது சரி. நீர்னு சொன்னது தப்பு. அந்தத் தப்புக்கான கொப்புளத்தை நோயாளிதான் தாங்கணும்.

அடுத்து வர்றவர் எனக்கு ரொம்பப் பிடிச்சவர். செர்பியாவின் லாசா லாசரேவிச். டாக்டர், அதோட அந்த மொழியின் முக்கியமான சிறுகதை எழுத்தாளர். நோயாளியை மல்லாக்கப் படுக்க வச்சு, முழங்காலை மடக்காமக் காலைத் தூக்கினா வலி பாயும். நரம்பு இழுபடுறதுதான் அதுக்குக் காரணம்னு 1880-ல் ஆறு நோயாளிகளை வச்சு எழுதினார். இன்னைக்கும் எந்த எலும்பு டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல செய்யற சோதனை இதுதான். எனக்கு 30 டிகிரியிலேயே உயிர் போச்சு. ஆனா பேர் என்னவோ பிரான்சின் லாசேக் சோதனை! லாசேக் 1864-ல் எழுதிய கட்டுரையில் இந்தச் சோதனையே கிடையாது. அவரோட மாணவர் ஃபோர்ஸ்ட் 1881-ல் தன் ஆய்வேட்டில் ஆசிரியர் பேரைப் போட்டு எழுதினார், அதுவே நிலைச்சிருச்சு. செஞ்சவன் ஒருத்தன், ரிலீஸ் மெயில்ல பேர் வாங்குறவன் இன்னொருத்தன். நம்ம ஆபீஸ்ல நடக்காததா?

இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல பழி மறுபடியும் மூட்டுக்கே திரும்புச்சு. முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போட சேர்ற சேக்ரோ-இலியாக் மூட்டுதான் காரணம்னு அமெரிக்க டாக்டர்கள் பலர் நம்பி, அந்த மூட்டை அசையாம ஒட்ட வைக்கிற ஆபரேஷன்களைச் செஞ்சாங்க.

நிஜமான குற்றவாளி இந்த நேரத்துல ஆபரேஷன் டேபிள்லயே பலமுறை மாட்டினான். ஆனா வேற பேர்ல. 1909-ல் பெர்லினில் ஓப்பன்ஹைம், க்ராவ்ஸ என்ற ரெண்டு டாக்டர்கள், முதுகுத்தண்டில் இருந்து ஒரு குருத்தெலும்புத் துண்டை எடுத்ததும் நோயாளி குணமான கதையை எழுதினாங்க. அந்தத் துண்டை அவங்க 'கட்டி'ன்னு பதிவு செஞ்சாங்க. 1929-ல் வால்டர் டேண்டி, இது கட்டி இல்லை, டிஸ்க்கில் இருந்து பிய்ந்து வந்த துண்டுன்னு ரெண்டு நோயாளிகளை வச்சு எழுதினார். பெரிசா யாரும் கண்டுக்கலை.

1932 டிசம்பர். பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. பனிச்சறுக்கில் அடிபட்டு காலில் வலியோட வந்த ஒரு இளைஞர். எலும்பு டாக்டர் ஜோசப் பார் அனுப்ப, நரம்பு அறுவை நிபுணர் வில்லியம் மிக்ஸ்டர் ஆபரேஷன் பண்ணி ஒரு துண்டை எடுத்தார். லேப் ரிப்போர்ட் வழக்கம் போல 'குருத்தெலும்புக் கட்டி'. பாருக்கு சந்தேகம். சாதாரண டிஸ்க் துண்டோட அதைப் பக்கத்துல வச்சு மைக்ராஸ்கோப்பில் பார்த்தாங்க. ரெண்டும் ஒண்ணு! அப்புறம் அந்த மருத்துவமனையில் 'கட்டி'ன்னு லேபிள் ஒட்டி எடுத்து வச்சிருந்த பழைய மாதிரிகளையும் திரும்பப் பார்த்தாங்க. பெரும்பாலானவை டிஸ்க்தான். 1934-ல் 19 நோயாளிகளோட அந்தக் கட்டுரை வந்துச்சு. நாம இன்னைக்கு 'ஜவ்வு விலகல்'னு சொல்றது அங்கதான் ஊர் அறிய ஆரம்பிச்சுது.

காரணம் கிடைச்சாச்சு, பிடுங்கிப் போட்டாச் சரின்னு தோணும். ஒரு எஞ்சினியரா எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. உலகமும் அப்படித்தான் நினைச்சுது. ஆபரேஷன்கள் பெருகின. கத்தி வேண்டாம்னு நினைச்சவங்களுக்குப் பப்பாளி வந்துச்சு. கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய் போடுவோமே, அதே குடும்பத்து நொதி, கைமோபப்பைன். லைமன் ஸ்மித் என்ற அமெரிக்க டாக்டர் 1960-களில் அதை டிஸ்க்குக்குள்ள ஊசியாப் போட்டார். 1982-ல் அங்க அரசு அனுமதியும் கிடைச்சுது. சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை, சில சாவுகள். 2003-ல் தயாரிப்பே நின்னு போச்சு.

அப்புறம்தான் கேள்விகள் கிளம்பின. 1994-ல் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க. அதில் 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு டிஸ்க் வீங்கியிருந்தது. 27 சதவீதம் பேருக்குப் பிதுங்கியே இருந்தது. ஆக, படத்துல தெரியறது எல்லாமே வலிக்குக் காரணம் இல்லை. பிதுங்கின டிஸ்க் நரம்பை அழுத்துறது மட்டுமில்லாம, அதன் உள்கூழ் பட்டாலே நரம்பு புண்ணாகுதுன்னு 1993-ல் ஸ்வீடன்காரங்க பன்றிகளில் காட்டினாங்க. பிய்ந்து விழுந்த துண்டைப் பெரும்பாலும் உடம்பே கொஞ்சம் கொஞ்சமாத் தின்னு கரைச்சிருதுன்னும் திரும்பத் திரும்ப எடுத்த ஸ்கேன்களில் தெரிஞ்சுது. இதில் பெரிய துண்டுகள்தான் நல்லாக் கரையுது.

சரி, அந்த மூணு வாரப் படுக்கை? 1999-ல் நெதர்லாந்தில் 183 சியாட்டிகா நோயாளிகளை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. ஒரு பாதிக்கு ரெண்டு வாரம் படுக்கை. மறுபாதிக்கு வழக்கம் போல நடமாட்டம். 12 வாரம் கழிச்சு ரெண்டு பக்கமும் 87 சதவீதம் பேருக்குத் தேவலை. படுத்ததில் லாபம் பூஜ்யம். இதை நான் படிச்சது படுத்துக்கிட்டு, பதினோராவது நாள். வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அன்னைக்குச் சாயங்காலம் தெருமுனை வரைக்கும் நடந்தேன்.

ஆபரேஷன் பத்தியும் நியாயமாச் சொல்லணும். 2007-ல், அதே நெதர்லாந்தில் 283 பேர். சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு வலி வேகமாக் குறைஞ்சுது. பொறுத்துப் பார்த்தவங்களில் 39 சதவீதம் பேர் கடைசியில் ஆபரேஷனுக்கே போனாங்க. வருஷக் கடைசியில் ரெண்டு கூட்டத்துலயும் 95 சதவீதம் பேர் குணம். கத்தி வலியோட நாட்களைச் சுருக்கும். முடிவைப் பெரிசா மாத்தாது. அந்த நாட்களைத் தாங்க முடியுமாங்கிறதை வலிக்கிறவன்தான் முடிவு செய்யணும். நான் பொறுத்துப் பார்க்கிறதுன்னு முடிவு பண்ணினேன்.

எனக்கு நரம்பு வலிக்குன்னு பிரிகாபலின் எழுதிக் கொடுத்தாங்க. தலை சுத்தினதுதான் மிச்சம். 2017-ல் 209 பேரை வச்சு நடந்த சோதனையில், சியாட்டிகாவுக்கு அது வெறும் மாத்திரையை விட மேல் இல்லைன்னு வந்திருக்கு. எனக்கு உதவினது ரொம்பச் சாதாரண விஷயங்கள். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருக்கிறது, காலையும் மாலையும் நடை, பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த பயிற்சிகள், முழங்காலுக்கு நடுவுல ஒரு தலையணை வச்சு ஒருக்களிச்சுத் தூங்கறது. டேமேஜர்கிட்ட நின்னுக்கிட்டே மீட்டிங் பேச அனுமதி வாங்கினேன். முதல் வாரம் எல்லாரும் சிரிச்சாங்க. இப்போ மூணு பேர் நிக்கிறாங்க.

எட்டு மாசம் ஆச்சு. முழுசாப் போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். ரிலீஸ் வாரத்துல சாயங்காலம் கெண்டைக்கால்ல இன்னும் லேசா மின்னும். ஆனா ஷூ லேஸை நானேதான் கட்டிக்கிறேன். பூண்டு ரசமும் தொடருது. அதை நிறுத்தச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொறுத்துப் பார்க்கிறது எல்லாருக்கும் பொருந்தாது. பாதம் தூக்க முடியாமத் தொங்கினாலோ, சிறுநீர் போக முடியாமலோ அடக்க முடியாமலோ போனாலோ, உட்காருமிடம் மரத்துப் போனாலோ வலைப்பதிவு படிச்சுக்கிட்டு இருக்காதீங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. அங்க கத்தி காலத்தோட விழணும்.