கடலடியில் கிடக்கும் கப்பல்கள்



ஒரு நாள் வரலாற்றுப் பாடத்தின்போது, 1941ஆம் ஆண்டில் குவாந்தானுக்கு அப்பால் தென்சீனக் கடலில் மூழ்கிய இரண்டு போர்க் கப்பல்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து நின்று, "ஐயா, அந்தக் கப்பல்கள் இன்னும் அங்கேயே இருக்குமா?" என்று கேட்டான். சின்னக் கேள்விதான். ஆனால், ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியவில்லை. மூழ்கிய கப்பல் எத்தனை காலம் நிலைக்கும் என்பது பாதி கடலின் கையில் இருக்கிறது. மறுபாதி மனிதனின் கையில் இருக்கிறது. இன்றைய பேச்சில் இந்த இரண்டையும் பார்ப்போம்.

முதலில் கடலை எடுத்துக்கொள்வோம். எல்லாக் கடலும் உப்புநீர்தானே என்று நாம் நினைக்கிறோம். ஆனால், ஒவ்வொரு கடலுக்கும் ஒவ்வொரு குணம் உண்டு.

வட ஐரோப்பாவில் சுவீடன் என்றொரு நாடு. அதன் தலைநகரமான ஸ்டாக்ஹோமிலிருந்து 1628 ஆகஸ்டு 10ஆம் நாள் 'வாசா' என்ற புதிய போர்க் கப்பல் முதல் பயணம் புறப்பட்டது. அதில் 64 பீரங்கிகள் இருந்தன. மேலே பாரம் அதிகம். அடியில் போதிய பாரம் இல்லை. சுமார் 1,300 மீட்டர் தூரம்தான் போனது. காற்று வீசியதும் சாய்ந்தது. பீரங்கி வாயில்கள் வழியே தண்ணீர் புகுந்து, கரையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூழ்கிவிட்டது. ஏறத்தாழ 30 பேர் மாண்டனர்.

1956இல் ஆண்டர்ஸ் பிரான்சேன் என்பவர் படகிலிருந்து ஒரு துளைக்கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கித் தேடினார். அதில் கறுத்துப்போன ஓக் மரத்துண்டு ஒன்று சிக்கி வந்தது. வாசா அங்கேதான், 32 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. கடற்படை முக்குளிப்போர் இறங்கினார்கள். கலங்கிய குளிர்நீர்; கண்ணுக்கு எதுவும் தெரியாத இருட்டு. கையால் தடவித் தடவியே வேலை செய்தார்கள். கப்பலின் அடியில் ஆறு சுரங்கங்கள் தோண்டி, இரும்புக் கயிறுகளை நுழைத்தார்கள். 1961 ஏப்ரல் 24ஆம் நாள், 333 ஆண்டுகளுக்குப் பிறகு, வாசா ஏறக்குறைய முழு உருவோடு நீருக்கு மேலே வந்தது.

மரக்கப்பல் எப்படி மக்காமல் இருந்தது? மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல்புழு என்ற உயிர் கடலில் உண்டு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. ஸ்டாக்ஹோமை ஒட்டிய பால்டிக் கடலில் ஆற்றுநீர் நிறையக் கலப்பதால் உப்பு மிகக் குறைவு. அந்த நீரில் கப்பல்புழு வாழாது. குளிரும் துணை செய்தது. அதனால் வாசா தப்பியது.

அடுத்து இங்கிலாந்துக்குப் போவோம். அதன் தென்கரையில் 1545 ஜூலை 19ஆம் நாள், எட்டாம் ஹென்றி மன்னர் பார்த்துக்கொண்டிருக்க, 'மேரி ரோஸ்' என்ற அவருடைய போர்க் கப்பல் மூழ்கியது. அங்கே கடல்நீர் நல்ல உப்பு, நீரோட்டமும் பலம். கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்து சேற்றில் புதைந்தது. சேற்றுக்கு வெளியே நின்ற பாதியைப் புழுவும் நீரோட்டமும் தின்றுவிட்டன. சேற்றுக்குள் பிராணவாயு புக வழியில்லை. அதனால் புதைந்த பாதி அப்படியே இருந்தது. 1982 அக்டோபர் 11ஆம் நாள் அந்தப் பாதியைத்தான் மேலே தூக்கினார்கள்.

அதற்கு முன், தன்னார்வ முக்குளிப்போர் நூற்றுக்கணக்கில் இறங்கி, அதற்குள் இருந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். அவற்றில் அரசனின் பீரங்கிகள் இருந்தன. சாதாரண மாலுமிகளின் மரக்கிண்ணங்கள், காலணிகள், பேன்சீப்புகளும் இருந்தன. சீப்பின் பல்லிடுக்கில் பேன்கூட ஒட்டியிருந்தது! நேயர்களே, அரசனின் வரலாற்றை எழுதப் புலவர்கள் இருந்தார்கள். அந்த மாலுமிகள் எதைத் தின்றார்கள், எதை உடுத்தினார்கள் என்று எழுதிவைக்க யார் இருந்தார்கள்? அந்த வேலையைக் கடல் செய்திருக்கிறது.

இனி நம் பக்கத்து வெதுவெதுப்பான கடலுக்கு வருவோம். இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கு அருகே 1998இல், கடல் அட்டை பிடிக்க மூழ்கியவர்கள் கடலடியில் மண்பாண்டங்கள் குவிந்து கிடப்பதைக் கண்டார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து சரக்கேற்றி மேற்கே போன கப்பல் அது. ஆணியே இல்லாமல், பலகைகளைத் துளையிட்டுக் கயிற்றால் தைத்துக் கட்டியது. வெப்பக்கடலில் கப்பல்புழுவுக்குக் கொண்டாட்டம். ஆகவே, சரக்குக்கும் மணலுக்கும் அடியில் அகப்பட்ட மரம் மட்டுமே மிஞ்சியது. ஆனால், சுட்ட மண்ணைப் புழு தின்ன முடியாது. பெரிய சாடிகளுக்குள் அடுக்கியபடியே கிடந்த கிண்ணங்களையும் சேர்த்து, சுமார் 60,000 பாண்டங்கள் கிடைத்தன. அவற்றில் பெரும்பகுதியைச் சிங்கப்பூர் வாங்கியது. ஆசிய நாகரிகங்கள் அரும்பொருளகத்தில் அவற்றை இன்றும் காணலாம்.

இவ்வளவையும் கண்டெடுக்க மனிதன் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடலில் பத்து மீட்டர் இறங்கினால் நம் உடம்பின்மேல் அழுத்தம் இரட்டிப்பாகிறது. அதன்பின் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் அதே அளவு கூடிக்கொண்டே போகிறது. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது, காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தில் கரைகிறது. மெல்ல மெல்ல மேலே வந்தால் அது மூச்சோடு வெளியேறிவிடும். அவசரப்பட்டு வந்தாலோ, மூடியைத் திறந்த சோடாப் போத்தலைப்போல இரத்தத்தில் குமிழிகள் பொங்கும். கைகால் முடங்கும், உயிரும் போகும்.

1900ஆம் ஆண்டில் கிரேக்க நாட்டில் கடற்பஞ்சு எடுக்கும் தொழிலாளர்கள், அன்டிகிதெரா தீவருகே ஒரு பழங்காலக் கப்பலைக் கண்டார்கள். வெண்கலச் சிலைகளையும், சூரிய சந்திரரின் போக்கைக் கணிக்கும் பற்சக்கரக் கருவி ஒன்றையும் அவர்கள் மேலே கொண்டுவந்தார்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்படியொரு கருவியா என்று உலகம் வியந்தது. ஆனால், அந்த வேலையில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார், இருவர் முடமானார்கள். கண்காட்சியில் கருவியைப் பார்ப்பவர்களில் எத்தனை பேருக்கு இது நினைவுக்கு வரும்?

1943இல் பிரான்சு நாட்டில் ஷாக் கூஸ்தோவும் எமில் கன்யானும், முதுகில் காற்றுக்கலனைச் சுமந்தபடி தாராளமாக நீந்துவதற்கு ஏற்ற மூச்சுக் கருவியை உருவாக்கினார்கள். கப்பலிலிருந்து வரும் காற்றுக்குழாய் தேவையில்லாமல் போயிற்று. அதன்பின், பயிற்சி பெற்ற எவரும் கடலடிக் கப்பலைப் போய்ப் பார்க்கலாம் என்ற நிலை வந்தது. நல்லவர்கள் போகக்கூடிய இடத்துக்குத் திருடர்களும் போகலாம் அல்லவா? இங்கேதான் மனிதனின் கை வருகிறது.

மாணவன் கேட்ட அந்த இரண்டு கப்பல்களும் 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற பிரிட்டிஷ் கப்பல்கள். ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கிய 1941 டிசம்பர் 8ஆம் நாள் மாலை அவை சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டன. காவலுக்கு விமானங்கள் இல்லை. 10ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் குண்டும் டார்ப்பிடோவும் வீசித் தாக்கின. பிற்பகல் ஒன்றரை மணிக்குள் இரண்டும் மூழ்கின. 840 பேர் மாண்டனர். அதன்பின் நடந்தது நம் குடும்பங்களின் கதையும்கூட. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

அந்தக் கப்பல்கள் 50 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் கவிழ்ந்து கிடக்கின்றன. கடல் வெதுவெதுப்பாக இருந்தாலும், அவற்றின் இரும்பு தடிப்பு. துரு தின்று முடிக்க வெகுகாலம் ஆகும். ஆனால், பழைய இரும்புக்கும் வெண்கலத்துக்கும் நல்ல விலை உண்டு. திருடர்கள் வெடிவைத்து உடைத்து, பாரந்தூக்கியால் அள்ளினார்கள். கப்பல்களின் வெண்கலச் சுழலிகளும் போயின. திருட்டுக்குப் பயந்து, பிரின்ஸ் ஆப் வேல்சின் மணியை 2002இல் அனுமதி பெற்று மேலே எடுத்துக் காப்பாற்றினார்கள். 2023 மே மாதம் மலேசியக் கடல்சார் அமலாக்கத் துறை ஒரு வெளிநாட்டுக் கப்பலைத் தடுத்து வைத்தது. அதில் பழைய பீரங்கிக் குண்டுகளும் இரும்புத் துண்டுகளும் இருந்தன. அவை இந்தக் கப்பல்களிலிருந்து வந்தவையாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. ஜாவாக் கடலில் இன்னும் மோசம். 1942இல் அங்கே மூழ்கிய டச்சுப் போர்க் கப்பல்கள் சிலவற்றை 2016இல் முக்குளித்துத் தேடியபோது, இரண்டு கப்பல்கள் இருந்த இடத்தில் வெறும் பள்ளம்தான் இருந்தது.

இரும்புதானே, போனால் போகட்டும் என்று சிலர் சொல்லலாம். அந்தக் கப்பல்களுக்குள் மாண்டவர்களுக்கு வேறு சமாதி இல்லை. சமாதி இல்லாத துயரம் நமக்குத் தெரியாததல்ல. சயாம் பாதையில் இறந்த போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக நிற்கின்றன. தோட்டத்திலிருந்து போன நம் தாத்தாமார்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு கல் இல்லை. பெயரில்லாமல் போனவர்களின் பேரப்பிள்ளைகளான நாம், இன்னொருவரின் சமாதி உடைபடுவதை வெறும் இரும்பு வியாபாரம் என்று எண்ண முடியுமா?

மறுநாள் வகுப்பில் அந்த மாணவனிடம் சொன்னேன்: "இருக்கின்றன தம்பி. ஆனால் முழுசாக இல்லை. கடல் விட்டுவைத்ததை மனிதன் எடுத்துக்கொண்டிருக்கிறான்." அவன் சற்று யோசித்துவிட்டு, தன் பாட்டியின் அண்ணனும் சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை என்றான். பெயர் தெரியுமா என்று கேட்டேன். வீட்டில் கேட்டு வருவதாகச் சொன்னான்.

நேயர்களே, கடலடிக்குப் போக நமக்கு வசதியில்லாமல் இருக்கலாம். ஆனால், நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அந்தப் பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்க இன்றிரவே முடியும்.