பொய்க் கர்ப்பம்

"கல்யாணம் ஆகி ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் சரியாப் போயிடும்டி." பதினாறு வயதில், மாதவிடாய் வலியில் சுருண்டு கிடந்த என்னிடம் அத்தை சொன்னாள். இருபத்தாறு வயதில், ஸ்கேனைப் பார்த்து எண்டோமெட்ரியோசிஸ் என்று சொன்ன டாக்டரும் அதையேதான் சொன்னார். அத்தைக்குப் பாட்டி சொல்லியிருப்பாள். டாக்டருக்கு யார் சொன்னது?

கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு சினைப்பையிலும் குடல்மேலும் வளர்வதுதான் இந்த நோய். ஈஸ்ட்ரோஜன்தான் அதற்குத் தீனி. 1920களில் அமெரிக்காவின் ஆல்பனி நகரத்து டாக்டர் ஜான் சாம்ப்சன் இதற்கு இந்தப் பெயரை வைத்தார். 1940களில் பாஸ்டனின் ஜோ மெய்க்ஸ், பெண்கள் தாமதமாகக் கல்யாணம் செய்து தாமதமாகப் பிள்ளை பெறுவதைக் குறை சொன்னார். சீக்கிரம் பெற்றுக்கொள்வதே தடுப்பு என்றார். அத்தையேதான், வெள்ளைக் கோட்டில்.

1951இல் மெக்சிகோ நகரில் லூயிஸ் மிராமோன்டெஸ், கார்ல் ஜெராஸி, ஜார்ஜ் ரோசன்கிரான்ஸ் மூவரும் நோரெதிஸ்டிரோனை உருவாக்கினார்கள். கோயில் விசேஷம் வந்தால் 'தள்ளிப்போடுற மாத்திரை' என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதேதான். இந்த வகைப் புது ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனோடு சேர்த்து மாதக்கணக்கில் விடாமல் கொடுக்கலாம் என்று 1958இல் பாஸ்டன் டாக்டர் ராபர்ட் கிஸ்ட்னர் எழுதினார். உடம்பு கர்ப்பமாக இருப்பதாக நம்பிவிடும், மாதவிடாய் நிற்கும். சிகிச்சையின் பெயரே பொய்க் கர்ப்பம். குமட்டல், எடை கூடுதல் எல்லாம் உண்டு. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: புருஷன் இல்லாமல், பிள்ளை இல்லாமல், வலி குறைய ஒரு வழி வந்தது.

1976இல் அமெரிக்கா டானசாலுக்கு அனுமதி கொடுத்தது. ஆண் ஹார்மோனின் குணம் கொண்ட மருந்து. வலி குறைந்தது, கூடவே பருவும் முகத்தில் முடியும் வந்தன. சிலருக்குக் குரல் கட்டையானது, மருந்தை நிறுத்திய பிறகும் பழைய குரல் திரும்பவில்லை.

அடுத்தது லூப்ரோலைடு. 1985இல் ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோய்க்கு வந்த ஊசி, 1990இல் அமெரிக்காவில் எங்களுக்கும் அனுமதிக்கப்பட்டது. சினைப்பைக்கு மூளை அனுப்பும் உத்தரவையே அது நிறுத்திவிடும். இதற்குப் பெயர் பொய் மாதவிடாய் நிறுத்தம். உடம்பு தகிக்கும், எலும்பு தேயும். அதனால் தனியாகக் கொடுத்தால் ஆறு மாதம்தான்.

முதலில் கர்ப்பிணி, அப்புறம் பாதி ஆண், அப்புறம் ஐம்பது வயதுக்காரி. வலிக்கிற பெண் வலிக்காத பெண்ணாக மட்டும் ஆக முடியாது, வேறு யாராகவாவது ஆக வேண்டும்.

நான் சாப்பிடுவது டயனோஜெஸ்ட், தினம் 2 மில்லிகிராம். 1979இல் கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரில் பிறந்த மருந்து. அவ்வப்போது திட்டுத்திட்டாக ரத்தம் படும், காரணமில்லாமல் அழுகை வரும். ஆனால் மாதத்தில் மூன்று நாள் தரையில் கிடப்பதில்லை. நிறுத்தினால் வலி திரும்பலாம். இந்த மருந்துகள் எல்லாமே நோயை அடக்கி வைப்பவைதான், ஒழிப்பவை அல்ல. கர்ப்பமும் அப்படித்தான்.

போன மாதம் அத்தையிடம் இதையெல்லாம் சொன்னேன். "நீ சொன்ன வைத்தியம் 1958லயே மாத்திரையா வந்துடுச்சு அத்தை."

அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"எனக்கு ரெண்டு பெத்த பிறகும் நிக்கலையேடி. அந்த மாத்திரைய ஏன் யாரும் எனக்குக் குடுக்கல?"