எஸ்எஸ்எம் பதிவு: கடையை மூடினாலும் பதிவு மூடுவதில்லை

தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்பவராகட்டும், தாமானில் முடிதிருத்தகம் வைத்திருப்பவராகட்டும், ஒரு லோரியை வாங்கி குத்தகை வேலை எடுப்பவராகட்டும், தெக்குன் நேஷனலின் ஸ்புமி கடனுக்கோ வங்கியில் வணிகக் கணக்கு திறக்கவோ போனால் முதலில் காதில் விழும் கேள்வி, "எஸ்எஸ்எம் இருக்கிறதா?" என்பதுதான். அதனால் பதிவு எடுப்பது எப்படி என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரிந்திருக்கிறது. எடுத்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பல குடும்பங்களில் தெரியாமலே போய்விடுகிறது. கடை மூடி ஆண்டுகள் ஆன பிறகும் பதிவேட்டில் அதே பெயர், அதே அடையாள அட்டை எண்ணோடு இருக்கும்.

எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையம் 2002 ஏப்ரல் 16-இல் செயல்படத் தொடங்கியது. அதற்கு முன் நிறுவனங்களுக்கு ஆர்ஓசி, சிறு வணிகங்களுக்கு ஆர்ஓபி என இரண்டு அலுவலகங்கள் இருந்தன. அவற்றை இணைத்துத்தான் ஆணையம் அமைக்கப்பட்டது. தோட்டத்துப் பெரியவர்கள் சிலர் இன்னமும் "ஆர்ஓசி எடுத்தாச்சா?" என்று கேட்பது அந்தப் பழக்கத்தில்தான். இன்று தலைமையகம் கோலாலம்பூர் சென்ட்ரலில் இருக்கிறது. மாநிலக் கிளைகளிலும் சில யுடிசி மையங்களிலும் முகப்பிடங்கள் உண்டு. சிறு வணிகப் பதிவை ஈஸிபிஸ் அகப்பக்கத்தின் வழி வீட்டிலிருந்தே முடித்துவிடலாம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். "எண்டர்பிரைஸ்" என்று நாம் சொல்வது 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின் கீழ் வருவது. தீபகற்பத்திலும் லாபுவானிலும் இந்தச் சட்டம் நடப்பில் உள்ளது. "செண்டிரியான் பெர்ஹாட்" என்பது 2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் கீழ் வருவது. எண்டர்பிரைஸில் கடையும் முதலாளியும் சட்டத்தின் பார்வையில் ஒருவரே. கடை பட்ட கடனுக்கு அவருடைய சொந்தச் சேமிப்பும் சொத்தும் பதில் சொல்ல வேண்டும். கூட்டாக நடத்தினால் ஒரு பங்காளி வைத்த வணிகக் கடனுக்கு மற்றவரும் பொறுப்பு. செண்டிரியான் பெர்ஹாட் தனி ஆளாகக் கருதப்படும். அந்தப் பாதுகாப்புக்கு ஈடாக ஆண்டுதோறும் செய்ய வேண்டிய கடமைகள் கூடுகின்றன.

எண்டர்பிரைஸ் பதிவு

வணிகம் தொடங்கிய 30 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி. வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. கிளை ஒவ்வொன்றுக்கும் 5 வெள்ளி. ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சேர்த்தே கட்டலாம். இணையத்தில் மட்டும் விற்கிறேன், கடை இல்லையே என்பவர்களும் பதிவு செய்தாக வேண்டும். பதிவில்லாமல் வணிகம் நடத்தினால் 50,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஈராண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. சான்றிதழை அலமாரியில் பூட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது வணிக இடத்தில் பார்வைக்கு மாட்டப்பட வேண்டிய பத்திரம்.

முகவரி மாறினாலும், பங்காளி ஒருவர் விலகினாலும் அல்லது சேர்ந்தாலும், செய்யும் தொழிலே மாறினாலும் 30 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். கடையை மூடினால் அதற்கும் 30 நாள்கள்தான். காலாவதி ஆகட்டும், தானே போய்விடும் என்று விட்டுவிடுவது வழக்கமாகி விட்டது. அது சரியான வழி அல்ல. வணிகம் நின்ற தேதியைப் பதிவேட்டில் ஏற்றினால்தான், பிறகு வருமான வரி வாரியமோ கடன் கொடுத்தவரோ கேட்கும்போது காட்ட ஓர் ஆவணம் இருக்கும். உரிமையாளர் இறந்துவிட்டால் குடும்பத்தினர் நான்கு மாதங்களுக்குள் முடிவு அறிவிப்பைச் செய்ய வேண்டும். கருமக்கிரியை, இபிஎஃப் பணம், சொக்சோ என்று அலையும் நேரத்தில் இது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. இறப்புப் பத்திரத்தின் நகல்களை எடுக்கும்போது எஸ்எஸ்எம்முக்கும் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தால் நல்லது.

"சும்மா பெயருக்குத்தான்"

நம் சமூகத்தில் அதிகச் சிக்கல் வருவது இங்கேதான் என்று தோன்றுகிறது. பழைய 1965-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தில் செண்டிரியான் பெர்ஹாட் தொடங்க இரண்டு இயக்குநர்கள் தேவைப்பட்டார்கள். கணவர் தொழில் நடத்த, மனைவியோ அம்மாவோ மச்சானோ இரண்டாவது ஆளாகக் கையெழுத்துப் போட்டது இப்படித்தான். 2017 ஜனவரி 31-இல் புதிய சட்டம் நடப்புக்கு வந்ததும் அந்தத் தேவை போய்விட்டது. இப்போது ஒரே ஒருவர் இயக்குநராகவும் பங்குதாரராகவும் இருந்து நிறுவனம் நடத்தலாம். ஆனால் அன்று போட்ட பெயர்கள் அப்படியே கிடக்கின்றன. இன்றும் "சும்மா ஒரு கையெழுத்து அண்ணே" என்று கேட்டு வருபவர்கள் இருக்கிறார்கள்.

சும்மா இருக்கும் இயக்குநர் என்று சட்டத்தில் ஒரு பிரிவு கிடையாது. நிறுவனம் தொடங்கிய தேதியின் ஆண்டு நிறைவிலிருந்து 30 நாள்களுக்குள் ஆண்டு அறிக்கை தாக்கல் செய்யப்பட வேண்டும். தனியார் நிறுவனம் நிதியாண்டு முடிந்த ஆறு மாதங்களுக்குள் கணக்கறிக்கையை உறுப்பினர்களுக்கு அனுப்பி, அடுத்த 30 நாள்களுக்குள் ஆணையத்திடம் கொடுக்க வேண்டும். ஆண்டு அறிக்கை தவறினால் நிறுவனத்துக்கு மட்டுமல்ல, பொறுப்பிலுள்ள ஒவ்வொருவருக்கும் 50,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். கடிதம் வருவது பழைய தாமான் முகவரிக்கு. வீடு மாறிப் போன அம்மாவுக்கு அது கிடைத்திருக்காது.

விலக விரும்புபவர் எழுத்துப்பூர்வமாக ராஜினாமா கொடுத்து, அதன் நகலை வைத்துக்கொள்ள வேண்டும். நிறுவனம் அந்த மாற்றத்தை 14 நாள்களுக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நிறுவனச் செயலாளர் தாக்கல் செய்துவிட்டாரா என்பதைச் சிறு கட்டணத்தில் நிறுவன விவரத் தாளை வாங்கிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம். கடைசியாக மிஞ்சியிருக்கும் ஒரே இயக்குநரால் மட்டும் அப்படி விலகிவிட முடியாது. பங்குதாரர் கூட்டத்தைக் கூட்டி வேறொருவரை நியமிக்க வழி செய்த பிறகே விலகலாம். இயங்காத நிறுவனத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்க மனுச் செய்யலாம். கடன், சொத்து, வரி பாக்கி எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். நீக்கிய பிறகும் இயக்குநராக இருந்த காலத்துப் பொறுப்புகள் தொடரும் என்கிறது சட்டம்.

2024 ஏப்ரல் 1 முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. நிறுவனத்தை உண்மையில் ஆட்டுவிப்பவர் யார், இலாபம் யாருக்குப் போகிறது என்ற விவரத்தையும் ஒவ்வொரு நிறுவனமும் ஆணையத்திடம் பதிய வேண்டும். அடுத்தவருக்காகப் பெயர் கொடுத்து உட்கார்ந்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சான்றிதழ் காட்டி பணம் கேட்டால்

தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டு, "எங்களிடம் எஸ்எஸ்எம் இருக்கிறது" என்று சான்றிதழைத் தூக்கிக் காட்டி முதலீடு கேட்பவர்கள் உண்டு. அந்தச் சான்றிதழ் பதிவு நடந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. பொதுமக்களிடமிருந்து வைப்புத்தொகையோ முதலீடோ வாங்க பேங்க் நெகாராவின் அல்லது பங்குச் சந்தை ஆணையத்தின் உரிமம் வேண்டும். எச்சரிக்கைப் பட்டியல்களை அவ்விரு அமைப்புகளும் தங்கள் அகப்பக்கங்களில் வெளியிடுகின்றன. அதேபோல் சாப்பாட்டுக் கடைக்கு நகராண்மைக் கழகத்தின் உரிமம் தனி.

பதிவு எண்ணையே கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். 2019 அக்டோபரிலிருந்து பதிவு எண்ணுக்கு 12 இலக்கங்கள். முதல் நான்கு இலக்கங்கள் பதிவான ஆண்டு. அடுத்த இரண்டு என்ன வகை என்பதைச் சொல்லும்: 01 உள்நாட்டு நிறுவனம், 02 வெளிநாட்டு நிறுவனம், 03 எண்டர்பிரைஸ். பேனரில் "குழுமம்", "ஹோல்டிங்ஸ்" என்று போட்டிருக்க, எண்ணில் ஆண்டுக்கு அடுத்து 03 இருந்தால், எதிரில் இருப்பது ஆண்டுக்கு 60 வெள்ளி கட்டி எடுத்த எண்டர்பிரைஸ் பதிவு. "இருபது வருட அனுபவம்" என்று சொல்பவரின் பதிவு சென்ற ஆண்டுடையதா என்பதையும் முதல் நான்கு இலக்கங்களே காட்டிவிடும். ஆணையத்தின் அகப்பக்கத்தில் அந்த எண்ணைத் தட்டினால் பதிவு நடப்பில் உள்ளதா, முடிந்துவிட்டதா என்பது கட்டணமில்லாமலே தெரியும். கையெழுத்துப் போடுவதற்கும் பணம் கொடுப்பதற்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.