எந்த ஊர் மணங்கு?

பழைய வீட்டுக் கணக்கு நோட்டில் “புளி 1 மணங்கு” என்று எழுதியிருந்தால், அது எத்தனை கிலோ? கல்கத்தாவில் வாழ்ந்த பெரியவர் ஒரு விடை சொல்வார், சென்னையில் வாழ்ந்தவர் வேறு விடை சொல்வார். இருவர் சொல்வதும் சரியே.

வங்காளத்தில் 80 தோலா ஒரு சேர், 40 சேர் ஒரு மணங்கு. ஆக 3,200 தோலா. சென்னையில் 3 தோலா ஒரு பலம், 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. பெருக்கிப் பார்த்தால் 960 தோலாதான்! பம்பாய் மணங்கோ 28 ராத்தல், அதாவது சுமார் 12.7 கிலோ. பெயர் ஒன்று, எடை மூன்று.

இவற்றை ஒப்பிட உதவியது தோலா. கம்பெனி அரசு 1833-இல் அதை 180 கிரெயின் (11.66 கிராம்) என்று நிர்ணயித்தது. 1835 முதல் வெளியான வெள்ளி ரூபாயும் அதே எடை. எனவே தராசில் ரூபாயையே எடைக்கல்லாக வைக்க முடிந்தது. “ரூபாய் எடை” என்ற பேச்சு வந்தது இப்படித்தான்.

3,200-க்கு 960 என்பதைச் சுருக்கினால் 10-க்கு 3. சென்னை மணங்கு பத்து, வங்காள மணங்கு மூன்றுக்குச் சமம். ஒரு பேச்சுக்கு, ஒரு சரக்கு சென்னையில் மணங்கு 4 ரூபாய், கல்கத்தாவில் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கேட்டதும் சென்னைதான் மலிவு என்று தோன்றும். ஆனால் சரிசமமான எடைக்குச் சென்னையில் 40 ரூபாய், கல்கத்தாவில் 30 ரூபாய்! நம் தாத்தாக்கள் இதை மனக்கணக்காகவே போட்டிருப்பார்கள். எனக்குக் காகிதமும் பேனாவும் வேண்டியிருந்தது.

1956-இல் எடை அளவுச் சட்டம் நிறைவேறி, 1958 அக்டோபர் முதல் படிப்படியாகக் கிலோ வந்தது. 1962-க்குப் பின் மணங்கும் வீசையும் கடைகளிலிருந்து விடைபெற்றன.

தோலா மட்டும் தங்கக் கடையில் தங்கிவிட்டது. பத்துத் தோலா தங்கக் கட்டி இன்றும் 116.64 கிராம்தான். ஆனால் வடக்கே 10 கிராமையே “ஒரு தோலா” என்று சொல்வோர் பலர். மும்பையிலோ டில்லியிலோ நகை வாங்கும் அன்பர்கள், விலை கேட்கும் முன் எந்தத் தோலா என்று கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏழில் ஒரு பங்கு.